வி.எல்.சி.யில் ஓடுது, எடிட்டிங்கில் ஏறல!

கல்யாண மண்டபங்களுக்கு எல்.ஈ.டி. திரை வந்தாலும் வந்தது, வீட்டில் கணினி தெரிந்த பிள்ளைக்கு ஒரு புது வேலையும் சேர்ந்து வந்துவிட்டது. அறுபதாம் கல்யாணமோ, மஞ்சள் நீராட்டோ, புதுமனை புகுவிழாவோ, பந்தி நடக்கும் நேரத்தில் திரையில் ஓட பத்து நிமிட வீடியோ வேண்டும். தர்மபுரி மாவட்டத்தில் பாலக்கோடானாலும் பென்னாகரமானாலும் அரூரானாலும் அதற்கான சரக்குக்குப் பஞ்சமில்லை. பெற்றோரின் கல்யாண கேசட் பீரோவில் இருக்கும். துபாயிலிருந்து வந்த மாமா ஹேண்டிகேமில் எடுத்த ஆடிப்பெருக்கு ஒகேனக்கல் இருக்கும். பழைய நோக்கியாவின் மெமரி கார்டில், குமாரசாமிப்பேட்டை தைப்பூசத்தில் பெண்கள் வடம் பிடித்து இழுத்த தேர் இருக்கும். பெங்களூரு அக்கா வாட்ஸ்அப்பில் அனுப்பிய குழந்தையின் முதல் நடையும் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டி எடிட்டிங் மென்பொருளுக்குள் இழுத்துப் போட்டால் பாதி ஏறும், பாதி ஏறாது. ஏறியதிலும் ஒன்றில் படம் வந்து சத்தம் வராது. இன்னொன்றில் சத்தம் வந்து படம் கறுப்பாக நிற்கும்.

"ஃபைல் கெட்டுப்போச்சு மாமா" என்று பிள்ளை சொல்லிவிடுவான். மாமாவும் நம்பிவிடுவார்.

பெரும்பாலும் அது கெட்டிருக்காது. அதே கோப்பு வீடியோ ஓட்டும் மென்பொருளான வி.எல்.சி.யில் ஜோராக ஓடுகிறதே, அதுவே சாட்சி. சிக்கல் என்னவென்றால், ஏழெட்டு வெவ்வேறு கோளாறுகளுக்கு எடிட்டிங் மென்பொருள்கள் ஒரே மொட்டை வாசகத்தைத்தான் காட்டுகின்றன: 'இந்த வடிவம் ஏற்கத்தக்கதல்ல.' எந்தக் கோளாறு என்று கண்டுபிடிப்பதற்குள் பிள்ளைகள் மென்பொருளை அழித்து மறுபடி நிறுவுகிறார்கள், கிராக் செய்த வேறொன்றைத் தேடிப் போகிறார்கள், 'வீடியோ ரிப்பேர்' என்று விளம்பரம் போடும் ஏதோ ஒன்றுக்குப் பணம் கட்டுகிறார்கள். இவற்றில் ஒன்றுகூடத் தேவைப்படாத வீடுகளே அதிகம்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, கோப்பின் பெயருக்குப் பின்னால் வரும் எம்பி4, எம்ஓவி, ஏவிஐ, எம்கேவி ஆகியவை வீடியோவின் வகை அல்ல என்பது. அவை தூக்குப்போசி. உள்ளே இருப்பது ராகிக் களியா, சோறா என்று மூடியைப் பார்த்துச் சொல்ல முடியாது. எம்பி4 என்ற ஒரே பாத்திரத்துக்குள் 2003-ல் வந்த எச்.264 முறையில் சுருக்கிய படமும் இருக்கலாம், 2013-ல் வந்த எச்.265 என்னும் எச்.ஈ.வி.சி. முறையில் சுருக்கிய படமும் இருக்கலாம். ஒலியும் அப்படியே: ஏஏசி, ஏசி-3, ஏஎம்ஆர் என்று பல. சுருக்கவும் விரிக்கவும் பயன்படும் இந்த முறைகளைத்தான் கோடெக் என்கிறார்கள். எம்ஓவி என்று இருப்பதை எம்பி4 என்று பெயர் மாற்றினால் மூடிதான் மாறும், உள்ளே இருக்கும் களி களியாகவே இருக்கும்.

வி.எல்.சி. எல்லாவற்றையும் ஓட்டுவதற்குக் காரணம், அது கோடெக்குகளைத் தனக்குள்ளேயே சுமந்து வருகிறது. பாரிஸ் பக்கத்து எக்கோல் சென்ட்ரல் கல்லூரி மாணவர்கள் தொடங்கி, 2001-ல் திறந்த உரிமத்தில் வெளியிட்ட மென்பொருள் அது. வணிக எடிட்டிங் மென்பொருள்கள் அப்படி அல்ல. சில கோடெக்குகளுக்கு உரிமத்தொகை கட்ட வேண்டியிருப்பதால் பலவும் விண்டோஸ் தருவதை நம்பியே இருக்கின்றன. வேலையும் வேறு. ஓட்டும் மென்பொருளுக்கு முன்னோக்கிப் போனால் போதும். எடிட்டிங்கில் எந்த வினாடியின் எந்தப் படத்துக்கும் சட்டென்று தாவ வேண்டும், பின்னோக்கியும் ஓட வேண்டும். பின்னால் வரும் படங்களை முன்னால் வந்த படத்திலிருந்து கணக்குப் போட்டு உண்டாக்குவதுதான் எச்.264 போன்ற முறைகளின் சூட்சுமம் என்பதால், தாவுவது அவற்றுக்குக் கஷ்டமான காரியம்.

ஆகவே, ஏறாத கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய முதல் வேலை, அதை 'மீடியா இன்ஃபோ' என்ற இலவசச் சிறு மென்பொருளில் திறந்து பார்ப்பது. பக்கம் பக்கமாக விவரம் கொட்டும். அதில் நான்கு வரி போதும்: படத்தின் கோடெக் எது, எத்தனை பிட் ஆழம், வினாடிக்கான படங்களின் எண்ணிக்கை நிலையானதா மாறுவதா, ஒலியின் கோடெக் எது. இந்த நான்கும் தெரிந்துவிட்டால் முக்கால்வாசி நோய் பிடிபட்டுவிடும்.

தாலிக்கு முன்னால் கெட்டிமேளம்

வீட்டு எடிட்டர்களைப் படுத்தும் கோளாறுகளில் மிகவும் தந்திரமானது, எந்த எச்சரிக்கையும் காட்டாமல் உள்ளே ஏறிவிடுவது. செல்போனில் எடுத்த முகூர்த்தக் காட்சி டைம்லைனில் நன்றாகவே உட்காரும். முதல் நிமிடத்தில் உதடும் பேச்சும் ஒத்துப் போகும். ஐந்தாம் நிமிடத்தில் ஏதோ உறுத்தும். பத்தாம் நிமிடத்தில் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுப்பதற்கு முன்பே கெட்டிமேளம் முழங்கி ஓய்ந்திருக்கும், அல்லது முடிச்சு விழுந்து நெடுநேரம் கழித்துத் தவில்காரர் அடிப்பார்.

காரணம், மாறும் பட எண்ணிக்கை. போன் கேமரா வினாடிக்கு 30 படம் எடுப்பதாகச் சொல்லிக்கொள்ளுமே தவிர, மேடையில் விளக்கு அணைந்து வெளிச்சம் குறைந்தாலோ, வெயிலில் சூடேறினாலோ எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும். ஒவ்வொரு படமும் எந்தக் கணத்தில் எடுத்தது என்று கோப்புக்குள் குறித்து வைத்துவிடும். ஓட்டும் மென்பொருள் அந்தக் குறிப்பைப் பார்த்து ஓட்டுவதால் வித்தியாசமே தெரியாது. எடிட்டிங் மென்பொருள் பலவும் குறிப்பைப் பொருட்படுத்தாமல் வினாடிக்கு 30 என்று ஒரே தாளத்தில் அடுக்கிவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். உண்மையான சராசரி 29.5 என்றால் பத்து நிமிடத்தில் 17,700 படங்கள் இருக்கும். அவற்றை வினாடிக்கு 30 வீதம் ஓட்டினால் 590 வினாடியில் தீர்ந்துபோகும். ஒலி மட்டும் 600 வினாடி ஓடும். பத்து வினாடி இடைவெளி எங்கிருந்து வந்தது என்று தெரியாமல், ஒலியை வெட்டி வெட்டி நகர்த்தி இரவெல்லாம் உட்கார்ந்தவர்கள் உண்டு. வெட்டி ஒட்டி இதைச் சரிசெய்யவே முடியாது, ஏனென்றால் தவறு ஒரே இடத்தில் இல்லை, நெடுக இருக்கிறது.

தீர்வு எளிது. 'ஹேண்ட்பிரேக்' என்ற இலவச மென்பொருளில் கோப்பைப் போட்டு, வீடியோ பக்கத்தில் 'கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட்' என்பதைத் தேர்ந்து, எண்ணிக்கையை 30 என்றோ 25 என்றோ நிலையாக வைத்து மாற்றிக்கொள்ள வேண்டும். தரத்துக்கான எண்ணை 18 பக்கமாக இறக்கி வைத்தால் கண்ணுக்குத் தெரிந்து தரம் குறையாது. அந்த எண் குறையக் குறையத் தரம் கூடும் என்பது புதியவர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் இடம். 'ஷாட்கட்' போன்ற இலவச எடிட்டர்கள் இப்படிப்பட்ட கோப்பைத் திறந்தவுடனே, 'இதை எடிட்டிங்குக்கு ஏற்றபடி மாற்றித் தரட்டுமா' என்று தாமாகவே கேட்கின்றன. காசு வாங்கும் மென்பொருள்களில் சில இந்த மரியாதையைக் காட்டுவதில்லை.

அடுத்த பெரிய கூட்டம் ஐபோன்காரர்களுடையது. 2017-ல் வந்த ஐஓஎஸ் 11 முதல், வசதியுள்ள ஐபோன்கள் இயல்பாகவே எச்.ஈ.வி.சி. முறையில் பதிவு செய்கின்றன. இடம் பாதியாக மிச்சமாகும், உண்மைதான். ஆனால் அதை விரிப்பதற்குக் கணினிச் சில்லில் தனி வசதி வேண்டும். இன்டெல் சில்லுகளில் அந்த வசதி 2015-ல் வந்த ஆறாம் தலைமுறையிலிருந்துதான் முழுமையாக உண்டு. 10 பிட் ஆழத்துக்கு அதற்கும் அடுத்த தலைமுறை வேண்டும். தமிழ்நாடு அரசு 2011-ல் தொடங்கி மாணவர்களுக்கு விலையில்லாமல் கொடுத்த லேப்டாப்பே இன்னும் ஒரே கணினியாக இருக்கும் வீடு தர்மபுரி மாவட்டத்தில் எத்தனையோ. தொடக்க ஆண்டுகளில் வந்த அந்த இயந்திரத்தில் ஐபோன் வீடியோவை ஏற்றினால் மூன்று வினாடிக்கு ஒரு படம் நகர்ந்தாலே அதிகம். அது கோப்பின் குற்றமும் அல்ல, லேப்டாப்பின் குற்றமும் அல்ல. கோப்பை எச்.264-க்கு மாற்றிவிட்டு வேலை செய்யலாம். அல்லது மென்பொருளிலேயே 'பிராக்ஸி' என்னும் சிறிய நகலை உண்டாக்கி அதில் வெட்டி, முடிவில் மூலத்தைக் கொண்டு வெளியிடலாம். இனிமேல் எடுக்கப்போகும் வீடியோவுக்கு ஐபோனின் கேமரா அமைப்பில் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்பதைத் தேர்ந்துவிட்டால் தொல்லையே இல்லை. விண்டோஸில் இந்தக் கோடெக்குக்கான நீட்சியை மைக்ரோசாஃப்ட் கடையில் சிறு தொகை கட்டி வாங்க வேண்டியிருக்கும்.

லினக்ஸில் டாவின்சி ரிசால்வ் என்னும் எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பைப் போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே எச்.264 படமும் ஏஏசி ஒலியும் ஏறாது. விண்டோஸில் அதே இலவசப் பதிப்பில் ஏறும். இதைத் தெரியாமல் நாள்கணக்கில் அல்லாடுவதற்குப் பதில் கேடன்லைவ், ஷாட்கட் போன்ற இலவச எடிட்டர்கள் பக்கம் போய்விடுவது நல்லது.

ஐபோன் 12 முதல் வந்த மாடல்களில் இன்னொரு வேடிக்கை: பட்டுப்புடவையின் அரக்குச் சிவப்பு டைம்லைனில் வெளிறிப்போய்த் தெரியும், அல்லது முகமெல்லாம் வெள்ளையடித்து நிற்கும். எச்.டி.ஆர். முறையில் எடுத்ததைச் சாதாரண வண்ண அளவில் காட்டுவதால் வரும் கோலம் அது. நிறத்தைக் கையால் திருத்தப் போகாமல், மென்பொருளின் வண்ண அமைப்பில் எச்.டி.ஆர்.-ஐச் சாதாரண அளவுக்கு மாற்றச் சொல்ல வேண்டும்.

வாட்ஸ்அப்பில் வந்த அருவி

ஏறும், ஆனால் உருப்படியாக இருக்காது என்ற வகையில் முதலிடம் வாட்ஸ்அப் வீடியோவுக்கு. ஒகேனக்கலில் எடுத்த காட்சியை ஒருவர் போனிலிருந்து இன்னொருவர் போனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பார்த்தால் இது நன்றாகத் தெரியும். பரிசலில் உட்கார்ந்திருப்பவர் முகம் பரவாயில்லாமல் இருக்கும். அருவி மட்டும் சதுரம் சதுரமாகக் கட்டி தட்டியிருக்கும். மாறாத பகுதியைத் திரும்பத் திரும்பச் சேமிக்காமல் விடுவதுதான் சுருக்கும் முறைகளின் அடிப்படை. கொட்டுகிற அருவியிலும் சிதறுகிற சாரலிலும் மாறாத பகுதி என்று ஒன்றுமே இல்லை. இருக்கிற கொஞ்ச அளவுக்குள் அத்தனை மாற்றத்தையும் அடக்க முடியாமல் மென்பொருள் கையை விரித்துவிடுகிறது. இழந்த விவரத்தை எந்த எடிட்டிங்கும் திருப்பித் தராது. அனுப்புகிறவரிடம், "வீடியோவாக அனுப்பாதே, டாக்குமென்ட்டாக அனுப்பு" என்று சொன்னால் மூலக் கோப்பு அப்படியே வந்து சேரும். 2022 முதல் 2 ஜி.பி. வரை இப்படி அனுப்ப முடிகிறது. பெரிய மண்டபத் திரையில் போடப்போகிற வீடியோவுக்கு இந்த ஒரு வேண்டுகோளை உறவினர் குரூப்பில் முதலிலேயே போட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

சில்லறைக் காரணங்களும் உண்டு. போனைக் கேபிளில் செருகி, அதற்குள் இருக்கும் வீடியோவை நேரே டைம்லைனுக்கு இழுத்தால் ஏறாது, அல்லது கேபிளைக் கழற்றியதும் சிவப்புப் பலகையில் 'மீடியா ஆஃப்லைன்' என்று நிற்கும். எடிட்டிங் மென்பொருள் வீடியோவைத் தனக்குள் எடுத்துக்கொள்வதில்லை, அது இருக்கும் இடத்தை மட்டுமே குறித்துக்கொள்கிறது. பென்டிரைவிலிருந்து ஏற்றினாலும் இதே கதைதான். எனவே எல்லாவற்றையும் முதலில் கணினியின் வட்டில் ஒரே ஃபோல்டருக்குக் கொண்டுவந்து, பிறகு இடம் மாற்றாமல் இருக்க வேண்டும். 4 ஜி.பி.க்கு மேற்பட்ட கோப்பு பென்டிரைவில் ஏற மறுத்தால் அந்த பென்டிரைவ் 'ஃபேட்32' அமைப்பில் இருக்கிறது என்று பொருள். காலி செய்து 'எக்ஸ்ஃபேட்' அமைப்புக்கு மாற்றினால் சரியாகிவிடும். கோப்புக்கு 'அம்மா அப்பா கல்யாணம் முழு வீடியோ கடைசி புதுசு' என்று பெயர் வைத்து, அதை ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் புதைப்பதும் கெடுதல். பாதை முழுவதும் சேர்த்து 260 எழுத்து என்ற பழைய வரம்பில் விண்டோஸ் மென்பொருள் பலவும் இன்னும் நிற்கின்றன. சில பழைய மென்பொருள்கள் தமிழ் எழுத்தில் பெயர் வைத்த கோப்பைக் கண்டாலே திணறும். தமிழ்ப் பெயரை இறுதி வீடியோவுக்குச் சூட்டிக்கொள்ளலாம்.

ஹேண்டிகேமின் மெமரி கார்டு தனி ரகம். சோனியும் பானசோனிக்கும் 2006-ல் கொண்டுவந்த ஏவிசிஎச்டி முறையில், வீடியோ என்பது ஒற்றைக் கோப்பு அல்ல, ஃபோல்டர்களின் குடும்பம். நீண்ட பதிவை அது 2 ஜி.பி.யிலோ 4 ஜி.பி.யிலோ துண்டு போட்டுவிடும். உள்ளே கிடக்கும் எம்டிஎஸ் கோப்புகளை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு மீதியை அழித்தால், துண்டும் துண்டும் சேருமிடத்தில் ஒலி ஒரு கணம் அறுந்துவிடும். கார்டில் உள்ளதை முழுதாக, ஃபோல்டர் அமைப்பு குலையாமல் நகலெடுத்து, அதை மென்பொருளின் 'இம்போர்ட்' வழியாக ஏற்றினால் துண்டுகள் தாமாக ஒன்று சேரும். ஆடுகிற கை, ஓடுகிற குழந்தை எல்லாம் குறுக்குக் கோடுகளாகப் பிய்ந்து தெரிந்தால் பயப்பட வேண்டாம். அந்தக் காலக் கேமராக்கள் ஒரு படத்தை ஒற்றைப்படை வரி, இரட்டைப்படை வரி என்று இரண்டு பாதியாக எடுத்தன. 'டீஇன்டர்லேஸ்' என்ற வடிகட்டி அவற்றைச் சேர்த்து வைக்கும்.

டி.வி.டி.க்காரர்கள் செய்யும் வழக்கமான தவறு, 'விஓபி' என்று முடியும் முதல் கோப்பை எடுத்து ஏற்றிவிட்டு, "டைட்டில் மட்டும்தான் வருது" என்பது. அது ஸ்டூடியோக்காரர் போட்ட மெனு. கல்யாணம் அடுத்தடுத்த கோப்புகளில் 1 ஜி.பி. 1 ஜி.பி.யாகப் பிரிந்து கிடக்கும். ஹேண்ட்பிரேக் டி.வி.டி.யை முழுதாகப் படித்து ஒரே கோப்பாக்கித் தரும், ஏசி-3 ஒலியையும் ஏஏசி ஆக்கிவிடும். சின்ன வட்டில் நேரடியாகப் பதிவு செய்த டி.வி.டி. ஹேண்டிகேம் வைத்திருந்தவர்கள், வட்டை எடுத்த அதே கேமராவில் 'ஃபைனலைஸ்' செய்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். செய்யாத வட்டு கணினியில் காலியாகத் தெரியும். அதைக் காலி என்று நினைத்துக் குப்பையில் போட்ட வீடுகள் இருக்கும்.

நோக்கியா காலத்து 3ஜிபி கோப்பில் படம் ஏறி ஒலி ஏறாமல் போனால் அது ஏஎம்ஆர் ஒலி, மாற்றிக்கொண்டால் போதும். டிஜிட்டல் கேமராவின் பழைய எம்ஓவி கோப்புகளுக்கு ஒரு காலத்தில் விண்டோஸில் குயிக்டைம் போட்டாக வேண்டியிருந்தது. பாதுகாப்பு ஓட்டைகள் தெரியவந்த நிலையில் 2016-ல் ஆப்பிள் அதைக் கைவிட்டது. இன்று யாராவது யோசனை சொன்னாலும் அதை நிறுவக் கூடாது. அதுபோலவே, பழைய எடிட்டிங் மென்பொருளான மூவி மேக்கரையும் மைக்ரோசாஃப்ட் 2017 ஜனவரியில் நிறுத்திவிட்டது.

கரண்ட் போன நேரம்

இதுவரை சொன்னவை எல்லாம் கெடாத கோப்புகள். உண்மையிலேயே கெட்ட கோப்பும் உண்டு. பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே பேட்டரி தீர்ந்த கேமரா, பதிவை நிறுத்தாமல் கார்டை உருவிய கை, கீழே விழுந்து அணைந்த போன். அளவு 3 ஜி.பி. காட்டும், எதிலுமே திறக்காது, வி.எல்.சி.யிலும் திறக்காது. எம்பி4, எம்ஓவி கோப்புகளில் எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைப் பல கேமராக்கள் பதிவு முடிந்த பிறகே எழுதுகின்றன. முடியாமல் நின்ற பதிவில் படமும் ஒலியும் பத்திரமாக இருக்கும், அட்டவணை மட்டும் இருக்காது. அதே கேமராவில், அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்பு ஒன்று கையில் இருந்தால், அதை மாதிரியாக வைத்து அட்டவணையை மறுபடி உண்டாக்க 'அன்ட்ரங்க்' என்ற இலவசக் கருவி இருக்கிறது. தவறுதலாக அழித்த கோப்புக்கு 'ஃபோட்டோரெக்'. ஃபோட்டோரெக்குக்கு ஒரே நிபந்தனை: அழித்த பிறகு அந்தக் கார்டில் ஒரு போட்டோகூட எடுத்திருக்கக் கூடாது. காசு கேட்கும் ரிப்பேர் மென்பொருளை வாங்குவதற்கு முன் இவற்றை முயன்று பார்க்கலாம்.

கெடு வைத்திருக்கும் கேசட்

கணினிக்குள் வந்துவிட்ட கோப்பு இன்று ஏறாவிட்டால் அடுத்த மாதம் ஏற்றிக்கொள்ளலாம், அடுத்த வருடமும் ஏற்றிக்கொள்ளலாம். பீரோவுக்குள் இருக்கும் கேசட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. இந்தக் கட்டுரையில் அவசரம் என்று ஒன்று இருந்தால் அது இங்கேதான்.

ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் 1976-ல் வி.எச்.எஸ். கேசட்டைக் கொண்டுவந்தது. 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி இந்தியாவில் வண்ண ஒளிபரப்பு பரவிய பிறகு, ஊருக்கு ஊர் கேசட்டை ஓட்டும் டெக்கை வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்த காலம் வந்தது. கூடவே கல்யாணத்துக்கு வீடியோ எடுப்பதும் வந்தது. மூன்று மணி நேரம் ஓடும் ஈ-180 கேசட்டில் ரோஜாப்பூவுக்குள் மணப்பெண் முகம், சுழன்று வரும் இதயத்துக்குள் மாப்பிள்ளை என்று மிக்சிங் செய்து கொடுத்தார்கள். இன்றைக்குச் சிரிப்பு வரும், ஆனால் அந்தக் கருவிகளை வைத்துக்கொண்டு அதைச் செய்ததே பெரிய காரியம். கேசட் லேபிளில் 'கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டம்' என்று அச்சிட்டிருந்தால் அது 2004 பிப்ரவரிக்கு முந்தியது என்று தைரியமாகச் சொல்லலாம். அப்போதுதான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. உலகில் கடைசியாக வி.எச்.எஸ். டெக் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. இனி கிடைப்பதெல்லாம் பழைய டெக்தான்.

கேசட்டை 'இம்போர்ட்' செய்வது என்றால் நகலெடுப்பது அல்ல. மூன்று மணி நேர கேசட்டை மூன்று மணி நேரம் ஓடவிட்டு, டெக்கிலிருந்து மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயரில் வரும் சைகையைக் கணினிக்குள் பிடிக்க வேண்டும். இதற்கென்று விற்கும் மலிவான யு.எஸ்.பி. குச்சிகளில் போலிகள் ஏராளம். ஒரே மாதிரி பெட்டிக்குள் வெவ்வேறு சில்லு இருக்கும், உடன் வரும் டிரைவர் புதிய விண்டோஸுக்குப் பொருந்தாது. படம் கறுப்பு வெள்ளையாக வந்தாலோ உருண்டாலோ குச்சியைத் திட்டுவதற்கு முன் அமைப்பைப் பார்க்க வேண்டும்: இந்திய கேசட் 'பால்' முறை, வினாடிக்கு 25 படம், மென்பொருள் அமெரிக்க 'என்.டி.எஸ்.சி.' முறையில் நிற்கிறது என்பதே பெரும்பாலும் விஷயம். பிடிக்கும்போது கணினியில் வேறு வேலை எதுவும் ஓடக் கூடாது. ஓடினால் படங்கள் நழுவும், பிறகு மேலே சொன்ன கெட்டிமேளத் தகராறு இங்கேயும் வரும். நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருந்தால் டெக்கில் போடவே கூடாது. அது டெக்கின் ஹெட்டைக் கெடுத்து, அடுத்துப் போடும் நல்ல கேசட்டையும் கெடுக்கும். அதை விவரம் தெரிந்தவர் கையால்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

1995-ல் வந்த சின்ன மினி டி.வி. கேசட்டின் கதை வேறு. அதில் இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல். ஒரு மணி நேரப் பதிவு ஏறக்குறைய 13 ஜி.பி. தரம் குறையாமல் அப்படியே எடுக்கலாம். வழிதான் அடைபட்டுக்கொண்டிருக்கிறது. கேமராவில் யு.எஸ்.பி. துளை இருக்கிறதே என்று அதில் செருகினால் பலவற்றில் போட்டோ மட்டும் வரும், அல்லது மங்கலான படம் வரும். முழுத் தரம் 'ஃபயர்வயர்' கேபிளில்தான். புது லேப்டாப்புகளில் அந்தத் துளை இல்லை. 2025-ல் வந்த மேக்ஓஎஸ் 26-ல் ஆப்பிளும் ஃபயர்வயர் ஆதரவை எடுத்துவிட்டது. அதனால் இந்த ஒரு வேலைக்குப் பழைய கணினியே மேல். கேபிளைச் செருகும்போது கேமராவை அணைத்து வைத்துவிட்டு, பிறகு 'ரெக்கார்டு' நிலையில் அல்லாமல் 'வி.சி.ஆர்.' அல்லது 'பிளே' நிலையில் இயக்கினால்தான் கணினி அதை அடையாளம் காணும்.

பிடித்த பிறகு, அந்தப் பெரிய கோப்பை அப்படியே ஒரு வெளி வட்டில் வைத்து, இன்னொரு நகலை வேறு வீட்டில் வைக்க வேண்டும். மண்டபத் திரைக்கான வீடியோவைச் சுருக்கிக்கொள்ளலாம், மூலத்தைச் சுருக்கக் கூடாது.

உங்கள் வீட்டில் ஓடுகிற நிலையில் ஒரு டெக்கோ, மினி டி.வி. கேமராவோ, ஃபயர்வயர் துளையுள்ள பழைய லேப்டாப்போ இருந்தால் போகிக்குக் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள். உறவிலும் தெருவிலும் யார் யாரிடம் கேசட் இருக்கிறது என்று கேளுங்கள். ஒரு டெக் நன்றாக இருக்கும்போதே நாலு வீட்டு கேசட்டை ஓட்டி எடுத்துவிடலாம். அதிலும் இப்போது உயிரோடு இல்லாதவர்கள் பேசுகிற கேசட் எதுவென்று பார்த்து, அதை முதலில் போடுங்கள்.